அரைக் கிலோ துரை

மாலை ஐந்தே முக்காலுக்கு
ஹவுஸ் காஸில் ரயில் மாறும்போதே தொடங்கிவிடும்:
ராத்திரிக்கு என்ன?

நெரிசலில் எவனோ ஒருவன் முழங்கை என் விலாவில்.
என் மனம் முனிர்கா வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்.
பாதி வெங்காயம். கால் டப்பா புளித்த மாவு.
போன வாரம் வாங்கிய கேரட்,
வளைத்தாலும் ஒடியாத பதத்தில்.

மெர்லினுக்கு இந்த மாதம் முழுக்க நைட் ட்யூட்டி.
ஐ.சி.யூ.வில் பதினோரு உயிர் அவள் பொறுப்பு.
என் பொறுப்பில் இரண்டே பேர்.
ஜெனிலா காய் தின்னமாட்டாள்.
அபினேஷ் காய் இல்லாததைச் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ளமாட்டான்,
பள்ளியில் ஏதோ பாடம் நடத்திவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்தவை மூன்று:
முட்டைப் பொரியல், பாக்கெட் பொடி ரசம்,
தக்காளிச் சாதம்.
மூன்றாவதைக் கணக்கில் சேர்ப்பது பற்றி
வீட்டில் இருவேறு கருத்து உண்டு.
திங்கள் முட்டை, செவ்வாய் ரசம், புதன் தக்காளி,
அதற்குள் வியாழன் வந்து நிற்கிறது.
வாரத்துக்கு ஏழு ராத்திரி என்று வைத்தவன் யார்?

கரண்ட் பில்லின் பின்பக்கம் பட்டியல் போட்டேன்.
'சுலபமாகச் செய்யக்கூடியவை' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.
கோட்டுக்குக் கீழே இன்றுவரை வெள்ளை.

கீழ்வீட்டு நிர்மல்ஜீத் ஏழு மணிக்குச் சீரகம் தாளிப்பாள்.
வாசனை பால்கனி ஏறி வந்து
என் குக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும்.
அவள் கைக்கு அளவு தெரியும்.
எனக்கோ, 'உப்பு தேவையான அளவு' என்று படித்தாலே
வயிறு கலங்கும்.
யாருக்குத் தேவையான?

வியாழன். மழை விட்ட கசகசப்பு.
காய்கறிக் கடையில் போய் நின்றேன்.
பீர்க்கங்காய்க்கு இந்த ஊரில் பெயர் துரை.
வந்த புதிதில் 'அரைக் கிலோ துரை' என்று கேட்கக் கூசினேன்,
தொப்பி வைத்த கலெக்டரைத்
தராசில் ஏற்றச் சொல்வதுபோல.

பக்கத்தில் நிர்மல்ஜீத்.
ஒரு சுரைக்காயை எடுக்கிறாள், வைக்கிறாள்,
மறுபடி அதே சுரைக்காயை எடுக்கிறாள்.
அந்த முகம் எனக்குத் தெரியும்,
மெட்ரோ கண்ணாடியில் தினமும் பார்ப்பது.
என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டாள்:
இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன?
முப்பது வருஷமாக யோசிக்கிறேன்,
சாயங்காலம் ஆனால் ஒன்றுமே தோன்றுவதில்லை.

முப்பது வருஷம்!

என்னைக் கேட்காமலே என் வாய் திறந்தது:
துரையும் பாசிப்பருப்பும். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துப் பண்டம்.
தோலை எறிந்துவிடாதீர்கள், துவையல் ஆகும்.
பருப்பு முக்கால் பதம் வெந்ததும் காயைப் போடணும்.
தண்ணீர் ஊற்றாதீர்கள், காயே விடும்.
கடுகு, வரமிளகாய், கடைசியில் தேங்காய்.
அவ்வளவுதான்.

மெர்லின் அடுப்படியில் சொல்லிக்கொண்டே செய்வாள்.
நான் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பேன்.
காது மட்டும் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்திருக்கிறது.
ஒருநாளும் நான் செய்ததில்லை என்பதை
நிர்மல்ஜீத்திடம் சொல்லவில்லை.
அவள் ஒரு கிலோ வாங்கிவிட்டாள்.
இனி நான் செய்தே ஆகவேண்டும்.

சட்டி நிறையப் போட்டது
வெந்து இறக்கும்போது இரண்டு கைப்பிடி.
துரை இப்படி ஒடுங்குவார் என்று காதுக்கும் தெரியவில்லை.
ஜெனிலா சாதத்தில் பிசைந்து,
வெறும் பருப்பு என்று நம்பித் தின்றாள்.
நான் மூச்சு விடவில்லை.
அபினேஷ் துண்டுகளைத் தேடி எடுத்து எண்ணினான்.
ஒன்பதாவதில் நிமிர்ந்தான்.
"அப்பா, உப்பு?"

போடவே இல்லை.

உப்பு டப்பாவைத் தூக்கி நடுவில் வைத்தேன்.
அவரவருக்குத் தேவையான அளவு.

எட்டு மணிக்குக் கீழிருந்து வாசனை ஏறி வந்தது.
சீரகம் இல்லை, கடுகு.
ஓடிப்போய் பால்கனியில் குனிந்து
உப்பு மறக்காதீர்கள் என்று கத்தலாமா என்று பார்த்தேன்.
முப்பது வருஷக் கை, மறக்காது.

கரண்ட் பில்லைத் திருப்பி
கோட்டுக்குக் கீழே எழுதினேன்: துரை.
பக்கத்திலேயே பெரிதாக: உப்பு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.